புல் வெட்டும் வண்டி பிறந்த கதை



உழுவதற்கு டிராக்டர் உங்களுக்குத் தெரியும். நாற்று நட யந்திரம் தெரியும், கதிர் அறுக்க யந்திரம் தெரியும். வெறும் புல்லை வெட்டுவதற்கென்றே ஒரு சின்ன வண்டி, அதற்கு நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், உட்கார ஒரு ஸீட் என்று சொன்னால் சிரிப்பு வருகிறதா இல்லையா? "புல்லுக்கு எதுக்குங்க வண்டி? நாலு ஆட்டை அவிழ்த்துவிட்டா ஆச்சு" என்று பெரியவர்கள் கேட்டால் அதில் தப்பே இல்லை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பெரிய பங்களாக்களைச் சுற்றியிருந்த புல்தரையை ஆடுதான் மேய்ந்து மட்டமாக்கிக்கொண்டிருந்தது.

ஆனால் அமெரிக்காவில் வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் புல்தரை வைத்திருக்கிறவர்கள் ஏராளம். கோடை பிறந்தால் வாரத்துக்கு ஒரு தடவை அதை வெட்டியாக வேண்டும். வெட்டுகிற புல் மாட்டுக்கும் போகாது, சந்தைக்கும் போகாது. பெரும்பாலும் அங்கேயே கிடந்து மக்கும். பார்வைக்குப் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கவேண்டும், அவ்வளவுதான் காரியம். அதற்காக ஒரு வண்டி உண்டாகி, அதில் மனுஷன் ஏறி உட்கார்ந்த கதை கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை. அதில் கூலிக்காரன் கதை இருக்கிறது, குதிரையின் கதை இருக்கிறது, நீங்கள் ஏறிப்போகும் பஸ்ஸின் கதையும் ஒரு ஓரத்தில் இருக்கிறது.

யந்திரம் வருவதற்கு முன்னே ஆடு மேயாத இடத்தில் ஆள்தான் அறுக்கவேண்டும். நம்மைப்போல் குந்தி உட்கார்ந்து கருக்கரிவாளால் அறுக்கமாட்டார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு வளைந்த பிடி, அதன் முனையில் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அலகு. நின்றபடியே இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பித் திருப்பி வீசவேண்டும். நல்ல கைகாரன் ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் புல் அறுப்பான் என்பது அங்கே பழைய கணக்கு. புல்லில் பனி ஈரம் இருக்கும்போதுதான் அந்த அலகு நன்றாக ஏறும். அதனால் விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிப் புல் காய்ந்துவிட்டால் அலகு வழுக்கும். சாணைக்கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு அடிக்கடி தீட்டிக்கொள்ளவேண்டும்.

இந்த வேலைக்கு முதன்முதலாக யந்திரம் செய்தவர் எட்வின் பியர்ட் பட்டிங் என்ற மெக்கானிக். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் ஜில்லாவில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப் பக்கம். அது கம்பளித் துணி நெய்கிற பிரதேசம். நெய்து முடித்த கம்பளித் துணியின் மேலே பிசிறு நிற்கும் அல்லவா? அதை மழமழவென்று கத்தரிக்க ஒரு உருளை யந்திரம் துணி மில்லில் உண்டு. உருளையைச் சுற்றித் திருகலாகப் பிளேடுகள். அது சுழலும்போது கீழே அசையாமல் இருக்கும் இன்னொரு பிளேடோடு உரசி, கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். துணியின் பிசிறை வெட்டுகிறது புல்லை வெட்டாதா என்று பட்டிங் யோசித்தார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அக்கம்பக்கத்தார் பார்த்துக் கேலி செய்யக்கூடாது என்று ராத்திரியில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று அங்கே சொல்லுவார்கள்.

முதலீடு போட்டவர் ஜான் ஃபெராபி என்ற வார்ப்பட ஆலைக்காரர். பேட்டண்ட் கிடைத்த தேதி 1830 ஆகஸ்ட் 31. யந்திரத்தின் வெட்டு அகலம் 19 அங்குலம். பின்னால் ஒரு ஆள் தள்ளவேண்டும். பாரம் அதிகமானால் முன்னால் இன்னொருவர் இழுக்க ஒரு பிடியும் வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்களுக்கு இதைத் தள்ளுவது நல்ல தேகப்பயிற்சி என்று பேட்டண்ட் பத்திரத்திலேயே எழுதினார்கள்! தள்ளியது என்னவோ தோட்டக்காரன்தான். லண்டன் மிருகக்காட்சிசாலைத் தோட்டம் அதை முதலில் வாங்கிய இடங்களில் ஒன்று. (திருகி அகலம் மாற்றும் ஸ்பானர் இருக்கிறதே, அதையும் கண்டுபிடித்தவர் இந்த பட்டிங்தான் என்பார்கள். உங்கள் டிராக்டர் டூல் பெட்டியில் ஒன்று கிடக்கும்.)

அந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டிங்குக்குப் பேட்டண்ட் கிடைப்பதற்கு மூன்று நாள் முன்னால், 1830 ஆகஸ்ட் 28 ராத்திரி, அதே இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் கூலியாட்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கதிரடிக்கும் யந்திரத்தை உடைத்து நொறுக்கினார்கள். அங்கே குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. தடியால் கோதுமைக் கதிர் அடிக்கிற கூலிதான் குளிர்காலத்துக் கஞ்சி. யந்திரம் வந்து அந்தக் கஞ்சியில் மண்ணைப் போட்டது. கெண்டில் பற்றியது ஜில்லா ஜில்லாவாகப் பரவி, வைக்கோல் போர்கள் எரிந்தன, யந்திரங்கள் நூற்றுக்கணக்கில் உடைந்தன. மிராசுதார்களுக்கு 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதம் போனது. சர்க்கார் கடுமையாக அடக்கியது. 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். சுமார் 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியப் பக்கம் நாடு கடத்தினார்கள்.

அப்படி யந்திரம் என்றாலே நெருப்பாக இருந்த வருஷத்தில் பிறந்தது இந்தப் புல்வெட்டி. பட்டிங்கின் யந்திரத்தை உடைக்க ஏன் ஒரு கூட்டம் கிளம்பவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். கதிரடிப்பு ஊர் முழுவதற்கும் சோறு போட்ட வேலை. பங்களாவில் புல் அறுப்பதோ இரண்டு மூன்று பேர் வேலை. பத்துப் பேர் அறுத்த இடத்தில் நாலு பேர் போதும் என்றால் மீதிப் பேரை ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் நிறுத்திவிடலாம். கூட்டம் சேர இடமில்லை. நம்ம ஊரிலும் யந்திரம் வந்தபோதெல்லாம் கூச்சல் எழுந்த இடமும் உண்டு, ஒருவரும் வாய் திறக்காத இடமும் உண்டு. எங்கே எது நடந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1832-ல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் வாங்கி இந்த யந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. இது கலப்பைக் கம்பெனி. உழ உழத் தானாகவே கூர் ஏறும் வார்ப்பிரும்புக் கொழுவுக்கு 1803-ல் பேட்டண்ட் வாங்கியவர்கள். கொழு செய்த கை புல்வெட்டியும் செய்தது.

மனுஷன் தள்ளி எவ்வளவு தரையை வெட்ட முடியும்? ஸ்காட்லாந்தில் அர்ப்ரோத் ஊர்க்காரர் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் 1842-ல் 27 அங்குல யந்திரம் செய்து மட்டக்குதிரையைப் பூட்டினார். குதிரை இழுக்க, ஆள் பின்னால் நடந்தான். இதில் ஒரு சங்கடம். குதிரைக் குளம்பு பதிந்தால் புல்தரை குழி குழியாகிவிடும். அதற்காகக் குதிரைக்குத் தோலில் பூட்ஸ் தைத்து மாட்டினார்கள்! வேலை செய்கிறவன் கால் வெறுங்காலாக இருந்த ஊர்களும் உலகத்தில் உண்டு. புல்லுக்காகக் குதிரைக்குப் பூட்ஸ். நம் நாட்டிலும் பெரிய பூங்காக்களில் இந்த யந்திரத்தை மாடு பூட்டி இழுத்திருக்கிறார்கள். 1859-ல் லீட்ஸ் நகரத்து தாமஸ் கிரீன் பல்சக்கரத்துக்குப் பதில் செயின் போட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்து நீராவி. லங்காஷயரில் லேலண்ட் என்ற ஊரில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் 1893-ல் நீராவி எஞ்சின் வைத்த புல்வெட்டிக்குப் பேட்டண்ட் வாங்கினார். கனமான சாமான். கொதிகலன் சூடேறி ஆவி கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும். அது புல்தரையில் நிலைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டறை நிலைத்தது. 1896-ல் சம்னரும் ஸ்பரியர் குடும்பத்தாரும் சேர்ந்து லங்காஷயர் நீராவி மோட்டார் கம்பெனி என்று வண்டி செய்யும் தொழிலாக அதை ஆக்கினார்கள். 1907-ல் ஊர்ப் பெயரையே வைத்து லேலண்ட் மோட்டார்ஸ் என்று மாற்றினார்கள். சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்றிருந்த கம்பெனி 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது இந்த லேலண்டோடு கூட்டு வைத்துத்தான். உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் மூக்கில் அந்தப் பெயரைப் பார்த்தால், புல் வெட்டப் போய் பஸ் செய்த பட்டறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பெட்ரோல் எஞ்சின் வந்ததும் விஷயம் மாறியது. 1902-ல் ரான்சம்ஸ் கம்பெனி 42 அங்குல அகலமுள்ள பெட்ரோல் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுகிறவன் பின்னால் ஸீட்டில் உட்கார்ந்தான். யந்திரத்தின் பின்னாலேயே நடந்தவனுக்கு இதில் உட்கார இடம் கிடைத்தது. ஆனால் வாங்கியவர்கள் யார்? பெரிய பண்ணைவீட்டுப் பிரபுக்கள், விளையாட்டு மைதானம் வைத்திருந்தவர்கள். அமெரிக்காவில் 1914-ல் டிராக்டருக்கு எஞ்சின் செய்வதற்காகத் தொடங்கிய டோரோ கம்பெனி, 1921-ல் மினியாபொலிஸ் நகரத்துக் கோல்ஃப் கிளப் ஒன்றுக்காக ஒரு டிராக்டரில் ஐந்து உருளை வெட்டிகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. குதிரைக்கு அங்கே வேலை போயிற்று.

சாதாரணக் குடும்பஸ்தன் வீட்டுக்கு இது வர இரண்டாம் உலக யுத்தம் முடியவேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அமெரிக்காவில் நகரத்துக்கு வெளியே லட்சக்கணக்கில் வீடு கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் புல்தரை. அதே சமயத்தில் உருளைக்குப் பதிலாக, ஒரு தட்டைப் பிளேடு மின்விசிறி மாதிரி படுக்கையாகச் சுழன்று புல்லை அடித்து வெட்டும் முறை பிரபலமாயிற்று. உருளைக்குத் தீட்டல், இடைவெளி சரிபார்த்தல் என்று நூறு பக்குவம் உண்டு. இதற்கு ஒரு பிளேடு, ஒரு நட்டு. உயர்ந்து வளர்ந்த புல்லையும் தாங்கும். 1953-ல் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி அலுமினிய எஞ்சினைக் கொண்டுவர, யந்திரத்தின் எடையும் குறைந்தது, விலையும் இறங்கியது.

டிராக்டர் கம்பெனிகள் சும்மா இருக்குமா? வயல் வைத்திருக்கிறவர்களைவிட வீடு வைத்திருக்கிறவர்கள் அதிகமாகிக்கொண்டே போனார்கள். இண்டர்நேஷனல் ஹார்வஸ்டர் 1961 மாடலாக 'கப் கேடட்' என்ற சின்ன வண்டியையும், ஜான் டீர் 1963-ல் '110' என்ற வண்டியையும் இறக்கின. இரண்டும் 7 குதிரைசக்தி. பெரிய டிராக்டருக்குப் பிறந்த குட்டி மாதிரி இருக்கும். அதன் வயிற்றுக்கடியில் பிளேடு தொங்கும். பனிக்காலத்தில் பிளேடைக் கழற்றிவிட்டு முன்னால் பலகை மாட்டிப் பனியைத் தள்ளுவார்கள், மற்ற நாளில் சின்ன டிரெய்லர் இழுப்பார்கள். பண்ணையை விட்டு ஊருக்குள் வந்த பல விவசாயிகள் இதை ஆசையாக வாங்கினார்கள் என்றால் ஆச்சரியமில்லை. டிராக்டரில் உட்கார்ந்து பழகின உடம்பு.

அதே 1960-களில் கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரெஜியர் என்பவர் நின்ற இடத்திலேயே திரும்பும் வண்டியைச் செய்தார். அதற்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு நெம்புகோல்தான். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இது நமக்குப் புதிதே இல்லை. வண்டியைத் திருப்ப நாம் என்ன செய்வோம்? உள்மாட்டைப் பிடித்து நிறுத்தி, வெளிமாட்டைத் தட்டுவோம். வண்டி அப்படியே வட்டமடிக்கும். அதே தத்துவம்தான், மாட்டுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மோட்டார். மரத்தைச் சுற்றி, பூப்பாத்தியைச் சுற்றி வெட்ட இதைப்போல் எதுவும் இல்லை. கூலிக்குப் புல் வெட்டுகிறவர்கள் அங்கே இன்றைக்கு இந்த வகையைத்தான் விரும்புகிறார்கள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள், நம்ம ஊரில் டிராக்டர் வைத்து வாடகை உழவு ஓட்டுகிறவர்களைப்போல.

சரி, கணக்கு என்ன? 42 அங்குலம் என்றால் மூன்றரை அடி. மணிக்கு 4 மைல் வேகத்தில் போனால், திரும்புகிற நேரம், ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற அகலம் எல்லாம் கழித்து, மணிக்கு ஒன்றேகால் ஏக்கர் வெட்டலாம். பின்னால் நடந்து தள்ளுகிற 21 அங்குல யந்திரம் மணிக்கு அரை ஏக்கர்தான் போகும். அதனால் கால் ஏக்கர் புல்தரைக்காரனுக்கு உட்காரும் வண்டி வீண் செலவு. ஒரு ஏக்கருக்கு மேலே, அல்லது பக்கத்து வீடுகளுக்கும் கூலிக்கு வெட்டினால்தான் போட்ட பணம் திரும்பும். நடக்க முடியாத வயசானவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அது வண்டியல்ல, கால்.

"தென்னந்தோப்புக்கு ஆகுமா?" என்று உங்களில் சிலர் மனசில் கேட்பது தெரிகிறது. மட்டமான, கல் இல்லாத, வரப்பும் வாய்க்காலும் குறுக்கிடாத தோப்பு என்றால் ஓடும். மட்டையும் பாளையும் தேங்காயும் கிடக்கிற தோப்பில் பிளேடு வளையும், பெல்ட் அறுந்துபோகும். போதாக்குறைக்கு இந்த வண்டி புல்லைத் துண்டு துண்டாக்கி வீசிவிடும். மாட்டுக்கு முழுப்புல் வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

அபாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உருளை வெட்டி கத்தரிக்கோல் என்றால், சுழல் பிளேடு வீச்சரிவாள். பிளேடின் நுனி நிமிஷத்துக்கு 19,000 அடிக்குமேல் போகக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. அதுவே மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர்! ஒரு கூழாங்கல் அதில் அடிபட்டால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். தள்ளும் யந்திரத்தில் பிடியை விட்ட 3 விநாடிக்குள் பிளேடு நின்றாகவேண்டும் என்று 1982-ல் அங்கே சட்டம் வந்தது. உட்காரும் வண்டியில் ஸீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். ஆள் எழுந்தால் பிளேடு நின்றுவிடும். அதைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. மனுஷ சுபாவம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரிவில் ஓட்டுவதுதான் உயிருக்கு ஆபத்து. தள்ளுகிற யந்திரத்தைச் சரிவில் குறுக்காக ஓட்டவேண்டும். உட்காரும் வண்டியை மேலும் கீழுமாக ஓட்டவேண்டும், குறுக்கே போனால் பக்கவாட்டில் கவிழும். 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவென்றால் வண்டியே வேண்டாம். டிராக்டர் மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வண்டியில் அது கூடவே கூடாது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வந்து நின்ற குழந்தை அகப்பட்டுக்கொண்ட சம்பவங்கள் அமெரிக்காவில் அடிக்கடி நடந்ததால், ரிவர்ஸில் பிளேடு நின்றுவிடும் ஏற்பாட்டைப் பிற்பாடு சேர்த்தார்கள். ஈரப்புல் வெட்டினால் சக்கரம் வழுக்கும், அடிக்கூட்டில் புல் அப்பிக்கொண்டு துருப்பிடிக்கும். அப்பினதைச் சுரண்டப் போகுமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிடவேண்டும்.

இந்த வண்டியை வைத்து ஒருவர் செய்த காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அயோவா மாநிலத்தில் லாரென்ஸ் என்ற சின்ன ஊர். ஆல்வின் ஸ்ட்ரைட் என்பவருக்கு 1994-ல் வயது 73. அவருடைய அண்ணன் ஹென்றி, வயது 80, விஸ்கான்சின் மாநிலத்தில் உடம்பு முடியாமல் கிடந்தார். இடையே 240 மைல். ஆல்வினுக்குக் கண்பார்வை போதாது, கார் லைசென்ஸ் கிடையாது. இன்னொருவர் ஓட்ட உட்கார்ந்து போகவும் மனசில்லை. 1966-ல் செய்த பழைய ஜான் டீர் புல்வெட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, பெட்ரோலும் படுக்கையும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு ஜூலை மாதம் கிளம்பிவிட்டார். மணிக்கு 5 மைல். நாலு நாளில் எஞ்சின் கெட்டது. 250 டாலர் செலவழித்துச் சரிசெய்தார். சார்ல்ஸ் சிட்டி என்ற ஊரில் கையில் காசு தீர்ந்தது. ஓய்வுப் பணம் வரும்வரை அங்கேயே கூடாரமடித்துத் தங்கினார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி, அண்ணன் வீட்டுக்கு இன்னும் இரண்டே மைல் என்கிற இடத்தில் வண்டி மறுபடி நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு விவசாயி இறங்கி வந்து, தள்ளிக்கொண்டு போக உதவினார்.

இந்தப் பயணத்தை வைத்து 1999-ல் ஒரு சினிமாவே வந்தது. ஆல்வின் அதைப் பார்க்க இல்லை. 1996-ல் காலமாகிவிட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில், கல்லறைவரைக்கும், அவர் ஓட்டியதைப்போல ஒரு புல்வெட்டி வண்டியும் கூடவே போயிற்று.